ஆற்றைக் கடக்க வாரத்தில் நான்கு நாள்: மேசைப்போருக்கு வினோத உலகம் தேடியவர்கள்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டோனி பாத் என்று ஒருவர் இருந்தார். மேசைமீது சிறு உலோகச் சிப்பாய்களை அணிவகுத்து, தூரத்தை அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடும் வார்கேம் ஆட்டத்தில் 1950களிலேயே ஊறியவர். பண்டைக்காலமும் இடைக்காலமும் அவருக்குப் பிடித்த பகுதிகள். இந்தக் காலங்களைச் சேகரிக்கிற யாருக்கும் சீக்கிரமே ஒரு சங்கடம் வரும். வரலாற்றை மதித்து ஆடினால் அலமாரியில் இருக்கும் படைகளில் பாதி மற்ற பாதியைச் சந்திக்கவே முடியாது. எகிப்தின் தேர்ப்படைக்கும் நார்மன் குதிரைப்படைக்கும் நடுவே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை. யாரும் கேட்கமாட்டார்கள். கேம்பெயின் ஆடும்போதுதான் இடிக்கும். கேம்பெயின் என்றால் சண்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும் தொடராட்டம். இன்று இழந்த படை அடுத்த மாத ஆட்டத்தில் இருக்காது, பிடித்த நகரத்தின் வரி அடுத்த படைக்குச் சம்பளமாகும். அதற்கு ஒரு வரைபடம் வேண்டும், அதில் எல்லாப் படைகளுக்கும் ஆளுக்கொரு நாடு வேண்டும்.

கொலு வைக்கும் வீடுகளில் இது பழகிய பிரச்சினைதான். தசாவதார செட்டும், செட்டியார் பொம்மையும், கிரிக்கெட் டீமும், பேண்டு வாத்தியக் கோஷ்டியும் ஒரே வீட்டில் இருக்கும். படியில் சேராததற்கெல்லாம் கீழே தரையில் மணலைக் கொட்டி ‘பார்க்’ கட்டிவிடுவோம். பாத்துக்கும் அப்படி ஒரு பார்க் தேவைப்பட்டது.

அவர் அதை ஹைபோரியாவில் கண்டுபிடித்தார். 1930களில் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட், கோனான் என்ற வாள்வீரனைப் பற்றிய தம்முடைய கதைகளுக்காக உருவாக்கிய கற்பனைப் பழங்காலம் அது. ஹோவர்ட் ஐரோப்பிய வரைபடத்தின் மேலேயே கோடிழுத்துத்தான் அந்த நாடுகளை வைத்தார். அதனால் ஒவ்வொரு நாட்டிலும் நிஜமான ஒரு மக்களின் சாயல் தெரியும். அக்விலோனியாவில் இடைக்கால பிரான்சின் வாடை. ஸ்டிஜியா எகிப்து. ஹிர்கானியர்கள் புல்வெளியில் குதிரைமேல் இருந்தபடி வில் எய்பவர்கள். கிதாய் சீனா. வெந்தியா இந்தியா, உச்சரித்தாலே விந்தியம் காதில் விழுகிறது.

ஒரு வார்கேமரின் கண்ணால் பார்த்தால் இது எவ்வளவு சௌகரியம்! பொம்மை எதையும் புதிதாக வாங்கவேண்டாம். இருக்கிற எகிப்தியர்களை ஸ்டிஜியர் என்று அழைத்தால் போதும். வண்ணம்கூட மாற்றவேண்டாம். ஆனால் வரைபடத்தில் அடுத்த நாடு யார், எந்த மலைக்கணவாய் யார் கையில், எந்த ராஜா எந்த ராஜாவுக்கு மைத்துனன் என்பதெல்லாம் புத்தம்புதிது. வரலாறு படித்தவன் முடிவை முன்கூட்டியே அறிந்துவைத்திருக்க முடியாது.

1962இல் வெளியான டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் வார்கேம் கையேட்டில் பாத் எழுதிய பண்டைக்கால விதிகள் இடம்பெற்றன. 1965இல் பண்டைக்காலப் போர் ஆர்வலர்களுக்காக சொசைட்டி ஆஃப் ஏன்சியன்ட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கிவைத்தார். 1973இல் கேம்பெயின் நடத்துவது எப்படி என்று தனிப் புத்தகமே போட்டார். ஹைபோரியா இந்தக் காலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தில் அசுரர்களையும் மந்திரவாதிகளையும் தேடிப்போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வரி, சாலை, வானிலை, முற்றுகை, ஒற்றர் என்று ஒரு தாசில்தார் ஆபீஸ் வாசனைதான் அதில் தூக்கல். எனக்கு அதில் மிகவும் பிடித்தது சீட்டுக்கட்டு விஷயம். தளபதி, மந்திரி, பட்டத்து இளவரசன் என்று ஒவ்வொருவருக்கும் சில சீட்டுகளை உருவி, வந்த சீட்டின் ஜாதியையும் எண்ணையும் வைத்து அவர் குணத்தைத் தீர்மானிப்பார். ஒருவன் பேராசைக்காரன், ஒருவன் விசுவாசி, ஒருவன் வாளெடுத்தால் வைக்கத் தெரியாதவன். காகிதத்தில் எழுதிய பெயர் இரண்டு நிமிடத்தில் ஆளாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பாத் செய்ததிலேயே அடங்கியிருக்கிறது. வினோதத்தை அவர் வரைபடத்தில் வைத்தார், பொம்மைகளைச் சாதாரணமாகவே விட்டுவிட்டார். இதை எதிர்ப்பக்கத்திலிருந்து சோதித்துப் பார்க்க ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

இரும்பும் குதிரையும் இல்லாத நாடு

எம்.ஏ.ஆர். பார்க்கர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த பேராசிரியர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதியவர். சிறுவயதிலிருந்தே டெகுமெல் என்ற உலகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். மொழியியல்காரர் கட்டிய உலகம் என்பதால் அதற்கு இலக்கணமும் எழுத்தும் உள்ள மொழிகளே உண்டு. டிஎஸ்ஆர் என்ற அமெரிக்க ஆட்டக் கம்பெனி 1975இல் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற பெயரில் இதைப் பெட்டியாக வெளியிட்டது. விலை 25 டாலர். அதே கம்பெனியின் புகழ்பெற்ற கற்பனை உலக ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முந்தைய வருடம் 10 டாலருக்கு வந்திருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த விலையின் கனம் புரியும்.

டெகுமெல் மனிதர்கள் விண்வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிரகம். ஏதோ ஒரு பேரழிவில் அது பிரபஞ்சத்திலிருந்தே கழன்று தனியாக ஒரு பொந்துக்குள் விழுந்துவிட்டது. இரவு வானத்தில் நட்சத்திரமே கிடையாது. பழைய அறிவியலெல்லாம் மறந்துபோய், பல்லாயிரம் வருடங்களுக்குப் பிறகு சோல்யானு முதலான ஐந்து பேரரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பார்ப்பதற்கு எகிப்து, இந்தியா, மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள் எல்லாம் கலந்த தோரணை. ஐரோப்பியக் கோட்டையும் வெள்ளைத்தாடி மந்திரவாதியும் இல்லாத கற்பனை உலகம் 1975இல் அபூர்வம். இன்றைக்கும் அப்படியொன்றும் மலிந்துவிடவில்லை.

போர் ஆடுகிறவருக்கு இதில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, உலோகம் மிக அரிது. ச்லென் என்ற பெரிய, மந்தமான மிருகத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி, கெட்டியாக்கித்தான் கவசமும் வாளும் செய்கிறார்கள். இரண்டு, குதிரை கிடையாது. ஏறிச் சவாரி செய்ய வேறு மிருகமும் இல்லை. அந்த ச்லென் வண்டி இழுக்கும், அதுவும் ஆடி அசைந்து.

குதிரையை எடுத்துவிட்டால் மேசைமேல் என்ன ஆகிறது என்று கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். பழங்காலச் சண்டையில் காலாட்படை பயப்படுவது விலாப்பக்கத்தை நினைத்துத்தான். எதிரியின் குதிரைகள் சுற்றிவந்து பக்கவாட்டில் இடித்தால் வரிசை கலைந்துவிடும். அந்தப் பயம் இங்கே பாதியாகக் குறைகிறது. இரண்டு நீண்ட வரிசைகள் நேருக்கு நேர் தள்ளிக்கொண்டு நிற்கும். அப்புறம் துரத்தல். சண்டையில் செத்தவர்களைவிடத் தோற்று ஓடும்போது குதிரைகளிடம் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் அதிகம் என்பது பழைய போர்களில் திரும்பத் திரும்ப நடந்த கதை. குதிரை இல்லாவிட்டால் தோற்றவன் தப்பிவிடுகிறான். கனம் குறைந்த தோல் கவசத்தைக் கழற்றிப்போட்டு ஓடுகிறவனை, கவசத்தோடு துரத்துகிறவன் எப்படிப் பிடிப்பான்? அடுத்த மாதம் அதே படை திரும்ப வந்து நிற்கும். ஆக, ஒரே சண்டையில் நாட்டைப் பிடிக்க முடியாது.

வரைபடத்தில் விளைவு இன்னும் பெரிது. ஒற்றனும் நடக்கிறான், தூதனும் நடக்கிறான், சோற்று மூட்டை ச்லென் வண்டியில் வருகிறது. அப்படியானால் சாலைதான் எல்லாம். பார்க்கர் இதையும் யோசித்து வைத்திருந்தார். சோல்யானுவின் நகரங்களை சாக்பே என்ற சாலைகள் இணைக்கின்றன. கோட்டைமதில்போல உயர்ந்து, பல தளங்களாக, இடையிடையே காவல் கோபுரங்களோடு ஓடும் சாலை. சாலையே அரண், அரணே சாலை. அதன் ஒரு துண்டைப் பிடித்தவன் எதிரியின் வேகத்தையே பிடித்தவனாகிறான். இப்படி ஒரு போர்க்களத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. வரைபடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் டெகுமெலுக்கு நூற்றுக்கு நூறு.

சிக்கல் அலமாரியில் வந்தது. சோல்யானுவின் போர்வீரன் அணியும் கவசத்தைப் பூமியில் எவனும் அணிந்ததில்லை. கொம்பும் கொண்டையும் வளைவுமாக, படையணிக்குப் படையணி வேறுபடும். எகிப்தியனுக்குப் பெயர் மாற்றி ஒப்பேற்ற வழியில்லை. மனிதரல்லாத இனங்களோ இன்னும் மோசம். மனிதருக்கு முன்பே அங்கே வாழ்ந்த ஸ்ஸூ என்ற பகைவர்கள்மேல் பட்டை வாசனை அடிக்கும் என்பதுவரை பார்க்கர் எழுதிவைத்தார், அதை எந்த பொம்மைக் கடையில் வாங்குவது? டிஎஸ்ஆர் 1977இல் டெகுமெலுக்கென்றே மினியேச்சர் போர் விதிகள் போட்டது. 1983இல் பார்க்கரே இன்னொரு விதிநூல் எழுதினார். தனி உருவங்களும் வார்க்கப்பட்டன. ஆனாலும் இது சிறு வட்டத்தின் பிரியமாகவே நின்றது.

காரணம் உலகம் கடினமானது என்பதுதான் என்று பலர் சொல்வார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பார்கள். ‘சோல்யானு’வைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு ‘நெபுகாத்நேச்சார்’ மட்டும் எப்படி நுழைந்ததாம்? பெரிய தடை வேறு என்பது என் கணிப்பு. பாத்தின் ஹைபோரியாவுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர ஒரு பழைய ரோமானியப் படை போதும். டெகுமெலில் சேர நூறு உருவங்களைத் தேடிப்பிடித்து, வாங்கி, தெரியாத நிறங்களில் தீட்டவேண்டும். நம்மூரில் ஆடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். உள்ளூர்க் கடையில் கிடைக்காத பொம்மை, கடல் கடந்து வரும் கூலி, சுங்கவரி என்று உலகத்துக்குள் நுழையும் முன்பே பர்ஸ் இளைத்துவிடும்.

பார்க்கரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அவர் 2012இல் காலமானார். 1991இல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான் என்பதை, அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் டெகுமெல் ஃபவுண்டேஷனே 2022இல் ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. யூதப் படுகொலையை மறுக்கும் ஒரு பத்திரிகையின் ஆலோசனைக் குழுவிலும் அவர் பெயர் இருந்தது. டெகுமெலை மேசையில் வைக்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வைக்கட்டும். கூட ஆடுகிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. நான் சாலைகளைப் பற்றி ரசித்து எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை வாங்க எனக்குக் கை நீளவில்லை.

அட்டைக்கு எல்லாம் ஒரே விலை

பார்க்கரின் பெட்டி வந்த அதே 1975இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் ‘வைட் பேர் அண்ட் ரெட் மூன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். கேயாசியம் கம்பெனியின் முதல் வெளியீடு அதுதான். அவர் 1966 முதல் எழுதிவந்த குளோரந்தா என்ற உலகம் அதன் களம். சிவப்பு நிலாவை வணங்கும் ஒரு பேரரசு மலைநாட்டுக்குள் நுழைகிறது, மலைவாசிகள் எதிர்க்கிறார்கள். உலகம் டெகுமெலுக்குச் சற்றும் குறையாத வினோதம். ஆனால் அங்கே பொம்மை கிடையாது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அச்சிட்ட சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள், அவ்வளவுதான். அச்சகத்துக்கு ஈட்டிக்காரனை அச்சடிப்பதும் ராட்சதனை அச்சடிப்பதும் ஒரே செலவு. வினோதத்துக்குத் தனி விலை இல்லாத இடத்தில் அது தாராளமாக வளர்ந்தது.

இன்னொரு வழியை 1991இல் ‘ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ்’ காட்டியது. அதை எழுதிய மூவரில் ஒருவர் ஃபில் பார்க்கர். இவர் பிரிட்டன்காரர், மேலே பார்த்த பேராசிரியரோடு சம்பந்தம் இல்லை, பெயர்தான் குழப்பும். இந்த விதிகளில் உருவம் எப்படி இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. அது எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. ஒரு படைக்கு 24 புள்ளி. சாதாரண அணி 2 புள்ளி, கூட்டத்தோடு கூட்டமாகச் சாகிற ‘ஹோர்ட்’ 1 புள்ளி, வீரனும் மந்திரவாதியும் கடவுளும் தலா 4. பத்துப் பன்னிரண்டு அணிகளில் படை முடிந்தது. கடவுளை வாங்கினாலும் ஆட்டம் தொடங்கும்போது அவர் மேசையில் இருக்கமாட்டார், நடுவில்தான் வருவார். இது நம் புராணங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பொம்மைச் செலவு குறைந்ததால் எந்த உலகத்தையும் கொண்டுவந்து வைக்கலாம் என்றாயிற்று.

ஆனால் வேறொரு குறை. எல்லா உலகமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிடும். பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டால் டெகுமெலா ஹைபோரியாவா என்று தெரியாது. குதிரை இல்லாத நாட்டின் அந்த மெதுவான, சாலையோரப் போர் 24 புள்ளிச் சண்டைக்குள் வராது. அது வரைபடத்தில்தான் வரும்.

ஒரு பொய்க் கடிதம்

இத்தனை தூரம் வந்த பிறகு, நான் எங்கே தேடினேன் என்று சொல்கிறேன். கற்பனை நாவல்களை விட்டுவிட்டு, பழங்காலத்தவர்கள் நிஜம் என்று நம்பிய பொய் வரைபடங்களின் பக்கம் போனேன். அவற்றில் ஒரு லாபம், அந்தக் காலத்துச் சிப்பாய் பொம்மைகள் ஏற்கெனவே கடைகளில் இருக்கின்றன.

1165 வாக்கில் ஐரோப்பாவில் ஒரு கடிதம் உலவத் தொடங்கியது. பைசாந்தியப் பேரரசர் மானுவேல் கொம்னேனஸுக்கு பிரெஸ்டர் ஜான் என்ற கிழக்கத்திய கிறிஸ்தவ மன்னர் எழுதியதாகச் சொன்னது. அப்படி ஒரு மன்னரே கிடையாது. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. 1177இல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் அந்த மன்னருக்கு ஒரு கடிதம் எழுதி, தம் மருத்துவர் பிலிப்பிடம் கொடுத்தனுப்பினார்.

கடிதத்தில் கழுகுத்தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், ஒற்றைக்கண்ணர், நாய்த்தலையர் என்று பட்டியல் நீளுகிறது. புதிதாக ஆட வருகிறவரின் கை நேராக அங்கேதான் போகும். அதை ஒதுக்கிவிட்டு நிலத்தை வாசிக்கவேண்டும். அந்த நாட்டில் தண்ணீரே இல்லாத ஒரு மணற்கடல் உண்டு. கடல்போலவே அலையடித்துப் பொங்கும், கப்பலில் கடக்க முடியாது. மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி அந்த மணற்கடலில் கலக்கிறது. அதில் ஓடுவது கற்கள். வாரத்தில் மூன்று நாள் கல் உருண்டோடும், அப்போது யாரும் கடக்க முடியாது. மற்ற நான்கு நாள் வழி திறந்திருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. எட்டு நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கேம்பெயின் விதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்! ஒரு முறைக்கு ஒரு நாள் என்று வரைபடத்தில் நகர்த்தினால் ஏழு முறைக்கு ஒரு சுற்று. எந்த மூன்று நாள் ஓடும் என்பதை நடுவர் மட்டும் பகடை உருட்டிக் குறித்துவைக்கட்டும். கரைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். பாதிப் படை கடந்ததும் மீதிப் படைக்கு முன்னால் கற்கள் உருளத் தொடங்கினால்? அக்கரையில் நிற்பவர்கள் மூன்று நாள் தனியாகச் சமாளிக்கவேண்டும். இதற்கு ஒரு ராட்சதப் பொம்மைகூட வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் சாதாரண ஈட்டிக்காரர்கள் போதும்.

படை எண்ணிக்கையையும் கடிதமே தருகிறது. கொடிகளுக்குப் பதில் வண்டிகளில் ஏற்றிய 13 பெரிய சிலுவைகள் முன்னே போகும், ஒவ்வொன்றின் பின்னாலும் 10,000 குதிரைவீரரும் 1,00,000 காலாளும். பொம்மைக் கணக்கில் சிலுவைக்கு ஒரு குதிரை அணி, பத்துக் காலாள் அணி என்று எடுத்துக்கொள்ளலாம். 13 சிலுவைக்கும் படை சேர்ப்பவர் அடுத்த ஜென்மத்திலும் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார், மூன்று போதும். அரண்மனையில் ஓர் உயரமான கண்ணாடி இருக்கிறது, ராஜ்யத்தில் எங்கே யார் சதி செய்தாலும் அதில் தெரியும். கேம்பெயினில் எதிரியின் நகர்வு தெரியாமல் தவிப்பதுதான் சுவையே. அதைக் கெடுக்கிற கருவி இது என்பதால், வாரத்துக்கு ஒரு தரம் ஒரே ஒரு மாகாணத்தைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தினேன்.

நாட்டின் எல்லையையும் கடிதம் சொல்கிறது. ஒரு முனை பாழடைந்த பாபிலோன், பாபேல் கோபுரத்தின் அருகே. மறுமுனை கடைக்கோடி இந்தியா, புனித தோமையாரின் உடல் துயிலும் இடம். தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் என்பது நெடுங்கால மரபு. ஆக, வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் என் படை மயிலாப்பூரிலிருந்து புறப்படுகிறது: மூன்று சிலுவை, ஒரு மாதத்துக்கு அரிசி. கல்லாறு இன்னும் ஒன்பது முறை தள்ளி இருக்கிறது. அது எந்தக் கிழமை ஓடும் என்று பார்த்துவர இருவரை முன்னால் அனுப்பியிருக்கிறேன்.